கதிர் பாய்ச்சிய மிளகாய்த்தூளும் ஐதராபாத் குழந்தைகளும்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: கடையில் வாங்கிய மிளகாய்த்தூள் பாக்கெட்டின் பின்பக்கம் பச்சை நிறத்தில் பூப்போட்ட மாதிரி ஒரு வட்டச் சின்னமும், கதிர்வீச்சு முறையில் பதப்படுத்தியது என்ற வரியும் இருக்கின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உறவினர் ஒருவர் மூன்று தகவல்களை அனுப்பியிருக்கிறார். ஐதராபாத்தில் இப்படிக் கதிர் பாய்ச்சிய கோதுமையைச் சாப்பிட்ட குழந்தைகளுக்குக் குரோமோசோம் கெட்டுப்போனது, அரசு அதை அமுக்கிவிட்டது. ஐரோப்பாவில் இந்த முறைக்குத் தடை. ஆஸ்திரேலியாவில் இதனால் பூனைகள் நடக்க முடியாமல் போயின. வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறான், தூளைப் பயன்படுத்தலாமா, குப்பையில் போடவா?

பயன்படுத்தலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு காரம் போடுவது என்பது தனி வழக்கு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் உங்கள் உறவினர் அனுப்பிய மூன்றையும் வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. பூனைக் கதை நடந்ததுதான். ஐதராபாத் ஆய்வும் நடந்ததுதான், அதன் முடிவு நிலைக்கவில்லை. ஐரோப்பாத் தடை என்பது, உங்கள் கையில் இருக்கும் மிளகாய்த்தூளைப் பொறுத்தவரை, தலைகீழான தகவல். மசாலாப் பொருள்களைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். எனவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் பலரையும் பயமுறுத்தும் விஷயம்: கதிர் பாய்ச்சினால் உணவே கதிரியக்கப் பொருளாக மாறிவிடாதா? மாறாது, அதற்கான காரணம் எளிது. ஒரு பொருள் கதிரியக்கம் பெற வேண்டுமானால் அதன் அணுக்கருவை அசைக்க வேண்டும். உணவு ஆலைகளில் பயன்படும் கதிரியக்க உலோகமான கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலெக்ட்ரான் வோல்ட். அணுக்கருக்களில் மிக இளக்கமாக நியூட்ரானை விட்டுக்கொடுக்கும் பெரிலியத்துக்கே 1.67 வேண்டும், கன ஹைட்ரஜனுக்கு 2.2 வேண்டும். கோபால்ட்டின் கதிர் அந்தப் படியைத் தொடுவதே இல்லை. எலெக்ட்ரான் கற்றையையும் எக்ஸ்-கதிரையும் பயன்படுத்தும் இயந்திரங்களில் ஆற்றலை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால்தான் உலக உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ் எலெக்ட்ரானுக்கு 10, எக்ஸ்-கதிருக்கு 5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் உண்டாகும் கதிரியக்கம், உணவில் பொட்டாசியம்-40 வழியாக ஏற்கெனவே இருக்கும் இயற்கைக் கதிரியக்கத்தோடு ஒப்பிட்டால் கணக்கில் வராத அளவு. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு பால்பவுடரில் சீசியம் கலந்திருந்ததே, அது வேறு சங்கதி. அங்கே கதிரியக்கப் பொருளே உணவில் கலந்துவிட்டது. இங்கே கோபால்ட் இரட்டை எஃகு உறைக்குள் அடைபட்டு இருக்கிறது, உணவுப் பெட்டி அதைச் சுற்றிப் போய்விட்டு வெளியே வந்துவிடுகிறது.

இதற்கு மேல்தான் நியாயமான விவாதம் தொடங்குகிறது. அணுக்கருவைத் தொடாவிட்டாலும் இந்தக் கதிர் மூலக்கூறுகளை உடைக்கும். உடைக்காவிட்டால் கிருமி எப்படிச் சாகும்? கிருமியின் டி.என்.ஏ.வை அறுப்பதுதான் அதன் வேலையே. அறுக்கிற போக்கில் உணவின் நீர், கொழுப்பு, சர்க்கரை மூலக்கூறுகளும் கொஞ்சம் சிதறி, புதிய சேர்மங்கள் உண்டாகின்றன. எவ்வளவு? ஒரு கிலோ உணவு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. மாம்பழத்தில் இருக்கும் பூச்சியை மலடாக்க அமெரிக்கா கேட்பது 400 கிரே. இந்திய விதிகளின்படி வெங்காயம், உருளைக்கிழங்கு முளைக்காமல் இருக்க 20 முதல் 200 கிரே, மசாலாவில் கிருமி குறைக்க 6 முதல் 14 கிலோகிரே. மனித உடல் முழுவதும் ஒரேயடியாக 4 கிரே வாங்கினாலே சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப்பேர் பிழைக்க மாட்டார்கள். இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கு அடிவயிறு கலங்குவது இயல்புதான். ஆனால் 10 கிலோகிரே என்பதை வெப்பமாகக் கணக்கிட்டால் தண்ணீரின் சூடு இரண்டரை டிகிரி கூட ஏறாது. உயிருள்ள செல்லுக்கு டி.என்.ஏ. அறுந்தால் முடிந்தது கதை. காய்ந்த மிளகாய்க்கு அப்படி இழக்க உயிர் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழு 1980-இல் போட்ட கணக்குப்படி, ஒரு கிலோகிரே பாய்ச்சினால் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிகிராம் அளவுக்குப் புதிய சேர்மங்கள் உண்டாகும். அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு வறுப்பதிலும் அவிப்பதிலும் உண்டாகும் அதே சரக்குதான். மீதி ஒரு பங்கைப் பற்றித்தான் அரை நூற்றாண்டாகச் சண்டை.

அந்தச் சண்டையின் மையத்தில் ஐதராபாத் இருக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் கதிர்வீச்சு உணவுக்கு எதிராகப் பேசினாலும் இந்த ஆய்வு மேற்கோளாக வரும். நம் நாட்டில் நடந்தது என்பதால் மட்டுமல்ல, நடந்த விதத்துக்காகவும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1970களின் தொடக்கம். உணவுக் கிடங்குகளில் கோதுமையை வண்டு தின்றுகொண்டிருந்தது. ட்ராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், 0.75 கிலோகிரே கதிர் பாய்ச்சினால் வண்டும் முட்டையும் ஒழியும் என்றது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதன் பாதுகாப்பைச் சோதிக்கப் புகுந்தது. 1975-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் சாரம் இதுதான். புரதக் குறைபாட்டால் உடல் வீங்கும் குவாஷியோர்கர் நோயோடு சேர்க்கப்பட்ட 15 குழந்தைகள், ஐந்தைந்து பேராக மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்குச் சாதாரணக் கோதுமை. ஒரு குழுவுக்குக் புதிதாகக் கதிர் பாய்ச்சிய கோதுமை. இன்னொரு குழுவுக்குக் கதிர் பாய்ச்சி வாரக்கணக்கில் கிடப்பில் வைத்த கோதுமை. நான்கு முதல் ஆறு வாரம் கழித்து இரத்தத்தின் வெள்ளணுக்களை வளர்த்துப் பார்த்தபோது, புதிதாகக் கதிர் பாய்ச்சிய கோதுமை சாப்பிட்ட குழந்தைகளிடம் பாலிப்ளாய்டு செல்கள், அதாவது வழக்கமான 46-க்குப் பதில் அதன் மடங்குகளில் குரோமோசோம் கொண்ட செல்கள், நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் தென்பட்டன. சாதாரணக் கோதுமை சாப்பிட்டவர்களிடம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கோதுமையை நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல அந்தச் செல்கள் மறைந்தன. எலியிலும் குரங்கிலும் இதேபோல் கண்டதாக அதே நிறுவனத்திலிருந்து அடுத்தடுத்துக் கட்டுரைகள் வந்தன.

நாடு அதிர்ந்தது என்று சொன்னால் மிகை. இரண்டு அரசு நிறுவனங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன என்பதே சரி. பாபா அணு ஆராய்ச்சி மையம் தானே எலிகளை வைத்துச் சோதித்து, அப்படி எதுவும் தெரியவில்லை என்றது. இங்கேதான் மூடி மறைத்தார்கள் என்ற பேச்சுக்கு விதை விழுந்தது. முறையைப் பரப்புகிறவனே அதற்கு நற்சான்றும் கொடுத்தால் யார் நம்புவார்? அரசு இரண்டு பேரை நியமித்தது: மரபியலாளர் பி.சி. கேசவன், புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே. கேசவன் பின்னாளில் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருந்தவர். சுகாத்மே ஊட்டச்சத்துக் கணக்கில் உலகம் அறிந்த பெயர். இரண்டு தரப்பின் மூலத் தரவுகளையும் வாங்கிப் பார்த்து 1976-இல் அவர்கள் கொடுத்த அறிக்கை, ஐதராபாத் முடிவுகளை அவற்றின் சொந்தத் தரவே தாங்கவில்லை என்றது.

ஏன் தாங்கவில்லை? இது ஏதோ அரசியல் தீர்ப்பு என்று நினைக்க வேண்டாம், காரணத்தைப் படித்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். ஆரோக்கியமான மனிதரின் இரத்தத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாலிப்ளாய்டு செல் இருக்கவே செய்யும். குழந்தைக்குக் குழந்தை, நாளுக்கு நாள் அது ஏறி இறங்கும். அப்படியிருக்க, சாதாரணக் கோதுமை சாப்பிட்ட ஐந்து குழந்தைகளிடமும் சுழியம் என்று வருவதே முதல் சந்தேகம். ஒரு குழந்தைக்கு எண்ணிப் பார்த்த செல்களோ மிகக் குறைவு. நூறு செல்லை எண்ணி, அதில் ஒன்று கிடைத்தால் ஒரு சதவீதம், இரண்டு கிடைத்தால் இரண்டு சதவீதம். கண்ணாடித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு செல்களை ஒன்றாகப் பார்த்துவிட்டாலே கணக்கு மாறிவிடும். அத்தோடு, ஐந்து குழந்தைகளின் எண்ணிக்கையைத் தனித்தனியாகக் காட்டாமல் சராசரியாகக் கட்டுரையில் கொடுத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே கடும் ஊட்டக்குறைவில் இருந்தவர்கள், தேறிவரும் உடலில் வெள்ளணுக்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதே தனி ஆராய்ச்சி. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவை மையமாகக் கொண்டு பல நாடுகள் சேர்ந்து நடத்திய கூட்டுத் திட்டமும் கதிர் பாய்ச்சிய கோதுமையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது, அதே விளைவு கிடைக்கவில்லை. 1980களில் சீனாவில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் வாரக்கணக்கில் கதிர் பாய்ச்சிய உணவைச் சாப்பிட்டார்கள், குரோமோசோமில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

ஐதராபாத் தரப்பு பணிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் இயக்குநராக இருந்த எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியா பிற்காலத்திலும் தங்கள் கண்டுபிடிப்பை ஆதரித்தே பேசினார். அவர்களை மோசடிக்காரர்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். சிறிய எண்ணிக்கையில் தெரிந்த ஒன்றைப் பெரிய எண்ணிக்கையில் வேறு இடத்தில் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆராய்ச்சியில் இது தினம் நடப்பது. என்னை உறுத்துவது வேறொன்று. பாதுகாப்பானதா என்றே தெரியாத ஒரு பொருளை, இருப்பதிலேயே நலிந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது. வாட்ஸ்அப் செய்தி கோபப்பட வேண்டியது அங்கே, ஆனால் அது அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அமெரிக்காவிலும் எதிர்ப்பாளர்கள் கையில் நல்ல ஆயுதம் இருந்தது. 1980களில் எஃப்.டி.ஏ. 441 நச்சியல் ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, அன்றைய தரத்துக்கு முழுமையாகப் பொருந்துவதாக ஐந்தை மட்டுமே எடுத்தது. 441-இல் ஐந்துதானா என்று எதிர்த்தரப்பு கேட்டது நியாயமான கேள்வி. அந்நாட்டு இராணுவம் ஒப்பந்தத்துக்கு விட்ட ஆய்வுகளில் ஒரு பகுதியை நடத்திய தனியார் ஆய்வகம் பின்னர் தரவு மோசடியில் சிக்கி, அதன் அதிகாரிகள் தண்டனை பெற்ற கதையும் உண்டு. ஆனாலும் எஃப்.டி.ஏ. அந்த ஐந்தை மட்டும் நம்பி முடிவெடுக்கவில்லை. விலங்குச் சோதனையைவிட வேதியியலையே அதிகம் சார்ந்தது: என்னென்ன உண்டாகிறது, எவ்வளவு உண்டாகிறது, அவை சமைத்த உணவில் இருப்பவையா. எனக்கும் இந்த வழியே பலமானதாகப் படுகிறது. காரணம், எலிக்கு உணவையே பத்து மடங்கு, நூறு மடங்கு கொடுத்துப் பார்க்க முடியாது. ஒரே உணவைத் திணித்தால் சத்துக்குறைவால் வரும் கோளாறு கதிரின் தலையில் விழும். பழைய ஆய்வுகள் பல இந்தக் குழியில்தான் விழுந்தன. உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண் அமைப்பு, சர்வதேச அணுசக்தி முகமை மூன்றும் கூட்டிய குழு 1980-இல் 10 கிலோகிரே வரை நச்சு அபாயம் இல்லை என்றது. 1990களின் இறுதியில் அதற்கு மேலும் கவலை இல்லை என்று இன்னொரு குழு சொன்னது.

சமைத்த உணவில் இல்லாத அந்த மீதிப் பங்குக்கு வருவோம். கொழுப்பின் மேல் கதிர் பட்டால் ஆல்கைல் சைக்ளோபியூட்டனோன் என்ற வகைச் சேர்மங்கள் நுண்ணிய அளவில் உண்டாகின்றன. வறுத்தாலோ பொரித்தாலோ இவை வருவதில்லை. அதனாலேயே, ஒரு கோழி இறைச்சியில் கதிர் பாய்ச்சியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க இவற்றையே அடையாளமாக வைத்திருக்கிறோம். 1990களின் இறுதியில் ஜெர்மனியில் இந்தச் சேர்மம் ஒன்றைத் தனியாகச் செய்து, எலி, மனிதப் பெருங்குடல் செல்களில் விட்டுப் பார்த்தபோது டி.என்.ஏ. சேதத்தின் தடயம் தெரிந்தது. 2002-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் நடந்த ஆய்வு, ஏற்கெனவே புற்றுநோய் தூண்டும் மருந்து செலுத்திய எலிகளுக்கு இந்தச் சேர்மத்தைக் கொடுத்தால் கட்டிகள் அதிகமாகின்றன என்றது. எதிர்ப்பாளர்களின் வாதங்களில் நான் இன்றும் மதிப்பது இது ஒன்றைத்தான். ஆனால் அங்கே கொடுத்தது சுத்தமான சேர்மம், உணவில் வரும் அளவைவிடப் பன்மடங்கு. முழு உணவையே கொடுத்த நீண்டகாலச் சோதனைகளில், அதிலும் மிக அதிகக் கதிர் பாய்ச்சிய கோழி இறைச்சியில், அந்த விளைவு காணப்படவில்லை. முந்திரியிலும் ஜாதிக்காயிலும் இது இயற்கையாகவே இருக்கிறது என்று 2008-இல் மும்பையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஆதரவாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் கூர்மையான கருவியால் பார்த்தபோது அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே அந்த வாதத்தை விட்டுவிடுவதே நல்லது. உங்கள் மிளகாய்த்தூளைப் பொறுத்தவரை, குழம்புக்கு ஒரு கரண்டி தூள், அதிலும் கொழுப்பு கொஞ்சம். தினமும் கால் கிலோ கதிர் பாய்ச்சிய கொழுத்த இறைச்சி சாப்பிடும் வழக்கம் உள்ள வீடு என்றால் இந்தப் பத்தியை நான் இன்னும் நீட்டியிருப்பேன்.

பூனைகள். 2008, 2009-இல் ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வகை உலர் பூனை உணவைச் சாப்பிட்ட தொண்ணூறு பூனைகள் வரை நடை தடுமாறி, பின்னங்கால் விழுந்து, பல செத்தும்போயின. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் உறை சிதைந்திருந்தது. அந்த உணவுக்கு ஆஸ்திரேலியாவின் தனிமைப்படுத்தல் விதிப்படி 50 கிலோகிரேக்கு மேல் கதிர் பாய்ச்சியிருந்தார்கள். அதே உணவு கதிர் பாய்ச்சாமல் விற்ற நாடுகளில் இந்த நோய் வரவில்லை. 2009-இல் ஆஸ்திரேலியா பூனை உணவுக்குக் கதிர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டது. கொழுப்பு மிகுந்த உணவில் அவ்வளவு கதிர் பட்டால் பெராக்சைடுகள் பெருகும், வைட்டமின் ஏ சிதையும். பூனை கரோட்டினிலிருந்து வைட்டமின் ஏ-யைத் தானே செய்துகொள்ள முடியாத பிராணி, அதற்கு அன்றாடம் அந்த ஒரே உணவுதான் முழுச் சாப்பாடு. நாய்கள் இதில் தப்பித்தன. அளவு மீறினால் கதிர் உணவைக் கெடுக்கும் என்பதற்கு இது சான்று, இதை மறைத்துப் பேசும் ஆதரவாளர்களை நான் நம்புவதில்லை. மனித உணவுக்குப் பாய்ச்சும் அளவிலும் வைட்டமின் இழப்பு உண்டு. தயாமின் என்கிற பி1, வைட்டமின் ஈ, ஏ, சி ஆகியவை அடிபடும். மிளகாய்த்தூளை நம்பி யாரும் பி1 எடுப்பதில்லை என்பதால் அது உங்கள் வீட்டுக்குப் பிரச்சினை இல்லை. ஒரு முகாமில் மாதக்கணக்கில் முழுக்க முழுக்க அத்தகைய உணவே என்றால் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

ஐரோப்பாவுக்கு வருவோம். 1999-இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட சட்டப்படி, எல்லா உறுப்பு நாடுகளிலும் கதிர் பாய்ச்சி விற்க அனுமதியுள்ள பொதுப் பட்டியலில் இருப்பது ஒரே ஒரு இனம். அது உலர்ந்த மூலிகை, மசாலா, வாசனைப் பொருள்கள்! உங்கள் கையில் இருப்பதே அதுதான். மற்ற உணவுகளுக்கு நாட்டுக்கு நாடு தனி அனுமதி உண்டு. பெல்ஜியத்தில் தவளைக்கால் டன் கணக்கில் கதிர் வாங்கிப் போகிறது. அங்கே உண்மையில் கடுமையாக இருப்பது முத்திரை விதி. பிரியாணித் தூளில் ஒரு சிட்டிகை கதிர் பாய்ச்சிய பட்டை இருந்தாலும் உறையில் எழுத வேண்டும். எழுதினால் வாங்குவார் இல்லை என்பதால் கம்பெனிகள் ஒதுங்கிக்கொள்கின்றன. தடை மாதிரித் தெரிவது இதுதான்.

ஒதுங்கி எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. என் பார்வையில் மொத்த விவாதத்திலும் முக்கியமானது இதுவே. மிளகும் மிளகாயும் களத்தில் தரையில் காய்கின்றன. ஒரு கிராம் மிளகில் பல லட்சம் பாக்டீரியா இருப்பது ஆய்வகத்தில் சாதாரணக் காட்சி. குழம்பில் கொதித்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் சமைத்த பிறகு மேலே தூவும் தூள், மோரில் போடும் பொடி, இறைச்சியில் பூசும் மிளகு ஆகியவற்றில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருந்தால் நேரே வயிற்றுக்குள் போகும். 2009-10-இல் அமெரிக்காவில் சலாமி இறைச்சியின் மேல் பூசிய மிளகு வழியாக 272 பேர் நோயுற்றது பதிவாகியிருக்கிறது. ஆகையால் ஏற்றுமதி மசாலாவின் கிருமியை ஏதாவது ஒரு வழியில் குறைத்தாக வேண்டும், முக்கியமான வழிகள் மூன்று. நீராவி: முழு மிளகுக்கு நல்லது, தூளுக்கு விட்டால் கட்டி தட்டும், மணமும் நிறமும் போகும். கதிர். மூன்றாவது எத்திலீன் ஆக்சைடு வாயு.

அந்த வாயுவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஐரோப்பா 1991-இலேயே உணவில் அதைத் தடை செய்தது. அமெரிக்கா இன்னும் மசாலாவில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் எச்சம் வரை விடுகிறது. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக பெல்ஜியம் எச்சரித்தது. அதன் பிறகு ரொட்டி, பிஸ்கட், ஐஸ்கிரீம் என்று எள்ளும் பிற சேர்மானங்களும் போன இடமெல்லாம் ஐரோப்பா முழுக்கப் பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாத் தூள்களை இதே காரணத்துக்காகத் திருப்பின. எங்கள் தொழிலில் அந்த இரண்டு முறையும் தூக்கம் போனது. இதில் வேடிக்கை என்னவென்றால் கதிர் பாய்ச்சினால் உறையில் சின்னம் போட வேண்டும், வாயு விட்டால் எந்தச் சின்னமும் வேண்டாம். உங்கள் உறவினர் பச்சைச் சின்னம் உள்ள பாக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, எதுவுமே எழுதாத பாக்கெட்டை நிம்மதியாக வாங்கி வருவார். அதற்குள் நீராவி போனதா, வாயு போனதா, ஒன்றுமே போகாமல் களத்து மண்ணோடு வந்ததா என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

எதிர்ப்பாளர்கள் பக்கம் நான் நிற்கும் இடங்களும் உண்டு. அழுக்கை மறைக்கக் கதிரைப் பயன்படுத்துவார்கள் என்ற சந்தேகம் கற்பனை அல்ல. 1980களில் கிருமி மிகுந்து விற்க முடியாமல் போன இறாலை பிரிட்டனிலிருந்து நெதர்லாந்துக்கு அனுப்பி, கதிர் பாய்ச்சித் திரும்பக் கொண்டுவந்த விவகாரம் அங்கே பெரிய கூச்சலைக் கிளப்பியது. செத்த கிருமி செத்ததுதான், ஆனால் சாவதற்கு முன் அது விட்டுப்போன நஞ்சு சாகாது. மிளகாயில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஏறியிருந்தால் 10 கிலோகிரே அதை ஒன்றும் செய்யாது. எங்கள் ஆய்வகத்தில் கதிர் பாய்ச்சிய சான்றிதழோடு வந்த மூட்டைக்கும் அஃப்ளடாக்சின் சோதனையைத் தவறாமல் போடுவோம். இறைச்சி, மீன் வகையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. குறைந்த அளவு கதிர், கெட்ட வாடை வீசவைக்கும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும், போட்டுலினம் என்ற கொடிய கிருமியின் வித்துகளை விட்டுவைக்கும். அதை முழுதாக ஒழிக்க 45 கிலோகிரே அளவுக்குப் போக வேண்டும். எனவே கதிர் பாய்ச்சிய மீனைக் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்து, வாடை வரவில்லையே என்று சாப்பிட்டால் ஆபத்து.

உண்மையில் ஆள் செத்தது தட்டில் அல்ல, ஆலையில். 1989-இல் எல் சால்வடாரின் தலைநகரில் மருத்துவப் பொருள்களுக்குக் கதிர் பாய்ச்சும் ஆலையில் சிக்கிக்கொண்ட கோபால்ட் அடுக்கை விடுவிக்க மூன்று தொழிலாளர்கள் உள்ளே போனார்கள். பாதுகாப்புப் பூட்டுகள் பழுதாகி வருடக்கணக்காகியிருந்தன. ஒருவர் இறந்தார், மூவரில் இருவருக்குக் காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. 1988-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் டெகேட்டரில் சீசியம் குப்பி ஒன்று தண்ணீர்க் குளத்தில் கசிந்து, சுத்தம் செய்யவே கோடிக்கணக்கான டாலர் செலவானது. நீரில் கரையும் சீசியம் உப்பை விட்டு உலகம் பெரும்பாலும் உலோகக் கோபால்ட்டிலேயே நிற்பதற்கு இந்த மாதிரி அனுபவமும் ஒரு காரணம். 2024 ஜூலையில் மத்திய பட்ஜெட் சிறு, நடுத்தரத் தொழில் பிரிவில் 50 கதிர்வீச்சு உணவு ஆலைகளுக்கு உதவி அறிவித்தது. சாப்பிடுகிறவருக்காக நான் கவலைப்படவில்லை. அந்த ஐம்பது இடத்திலும் கதவுப் பூட்டைப் பராமரிக்கப்போகிறவர் யார், ஆய்வுக்கு வருகிறவர் எத்தனை பேர் என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அளவுக் கட்டுப்பாடு காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். மாம்பழ ஏற்றுமதியைப் பார்த்தால் பிடி எவ்வளவு இறுக்கம் என்று தெரியும். 2007-இல் அமெரிக்கச் சந்தை திறந்தபோது நாசிக் அருகே லாசல்காவில் வெங்காயத்துக்காகக் கட்டிய ஆலைதான் அல்போன்சோவுக்கும் கதிர் பாய்ச்சியது. அமெரிக்க ஆய்வாளர் நேரில் இருந்தால்தான் பெட்டி நகரும். கொரோனா காலத்தில் அவர் வர முடியாததால் 2020, 2021 இரண்டு பருவமும் ஏற்றுமதியே நடக்கவில்லை. 2025 மே மாதம் நவி மும்பையில் கதிர் பாய்ச்சி விமானத்தில் போன 15 சரக்குத் தொகுதிகளை, ஆவணம் சரியில்லை என்று அமெரிக்க விமான நிலையங்களில் நிறுத்திவிட்டார்கள். திருப்பிக் கொண்டுவரும் செலவு பழத்தின் விலையைத் தாண்டும் என்பதால் அங்கேயே அழிக்க வேண்டியதாயிற்று. உள்நாட்டு விற்பனையில் இந்தக் கெடுபிடியில் பாதியாவது இருக்கிறதா என்று கேட்டால் என்னால் ஆம் என்று சொல்ல முடியாது.

திருட்டுத்தனமாகக் கதிர் பாய்ச்சிச் சின்னம் போடாமல் விற்றால் கண்டுபிடிக்கலாம். மிளகாயில் ஒட்டியிருக்கும் மண்துகளே காட்டிக்கொடுத்துவிடும். கதிர் பட்ட மணல் அந்த ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆய்வகத்தில் சூடாக்கினால் ஒளியாக விடும். 2002-இல் பிரிட்டனின் உணவுத் தர முகமை இந்த முறையில் பார்த்தபோது, மூலிகைச் சத்து மாத்திரைகள் பலவற்றில் சொல்லாமல் கதிர் பாய்ச்சியிருந்தது அம்பலமானது.

உங்கள் பாக்கெட்டில் மூன்று விஷயத்தைப் பாருங்கள்: கதிர் பாய்ச்சிய தேதி, ஆலையின் உரிம எண், எதற்காகப் பாய்ச்சினார்கள் என்ற வரி. நம் விதிப்படி இவை இருக்க வேண்டும். சின்னம் மட்டும் இருந்து இவை இல்லையென்றால் அந்தப் பாக்கெட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், கதிருக்குப் பயந்து அல்ல, உறையை ஒழுங்காக அச்சடிக்காதவர் உள்ளே எதை ஒழுங்காகச் செய்திருப்பார் என்பதற்காக. மூன்றும் இருந்தால் டப்பாவில் கொட்டி, ஈரக் கரண்டி படாமல் மூடி வையுங்கள்.